கயிறு எதுவும் கூடாது

வார்டு வாசலில் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள்.
பெல்ட். சட்டைப்பைப் பேனா. கழுத்துச் செபமாலை.
கடைசியில் நர்ஸ் கத்தரியோடு வந்து
மச்சான் இடுப்பில் உப்பேறிக் கறுத்திருந்த
அரைஞாணை நறுக்கினார்.
"கயிறு எதுவும் கூடாதுங்க."
மச்சான் என்னைப் பார்த்தார்.
நான் சுவரில் ஒட்டியிருந்த
கைகழுவும் முறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ராம்நாட்டில் புது முகமூடி வந்திருக்காம்,
கண்ணாடி வேர்க்காதாம், வாங்கிட்டு வருவோம்
என்று சொல்லித்தான் தங்கச்சிமடத்தில் பஸ் ஏற்றினேன்.
பாம்பன் பாலத்தில் எழுந்து நின்று
கீழே ஓடும் நீவாட்டுக்கு உத்தரவு போட்டார்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
ஒருத்தி பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
"காய்ச்சல்" என்றேன்
யாரும் கேட்காமலே.

ஒன்பது ராத்திரி கண் மூடவில்லை.
ஜெனோவாவின் தோட்டை விற்று
மூன்று எஞ்சினுக்கு முன்பணம் கட்டியிருந்தார்.
எங்களிடம் இருப்பது ஒரு வள்ளம்.
பத்தாம் ராத்திரி, அடியில் விளக்கு எரிகிறதென்று
கழுத்தளவு தண்ணீரில் நின்றவரை
நாலு பேர் சேர்ந்து கரையேற்றினோம்.
ஏர்வாடி என்றது பாதி ஊர்.
ஓரியூர் என்றது மீதி.
"டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போண்ணே" என்றாள் தங்கச்சி,
மூளிக் காதோடு.

நோயாளிக்கு என்ன முறை?
மச்சினன்.
மைத்துனர் என்று எழுதிக்கொண்டார்கள்.
குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி?
அவங்க அப்பா கடலில் போனார் என்றேன்.
ஊரில் அப்படித்தான் சொல்வது.
டாக்டரம்மா பேனாவை நிறுத்தி
கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

சங்குக்கு முங்குகிறவன்
மச்சினனிடம்தான் கயிறு கொடுப்பான்.
கூடப்பிறந்தவள் தாலியை
எவன் கைநழுவ விடுவான் என்பது கணக்கு.
பதினோரு வருஷம் அவர் அடியில், நான் மேலே.
ஒரு இழுப்பு: இன்னும் விடு.
இரண்டு இழுப்பு: தூக்கு.
வேறு பேச்சு எங்களுக்குள் அதிகம் கிடையாது.

இங்கே, மாத்திரை கொடுத்தபின்
வாயைத் திறக்கச் சொல்லி
நாக்குக்கடியில் பார்க்க வேண்டும்.
முதல் மூன்று நாளும் ஒளித்துவைத்திருந்தார்.
நாலாம் நாள் கேட்டார்:
"முகமூடி எங்கடா?"
ஐந்தாம் நாளும் அதே.
ஆறாம் நாள் என் முகத்தில் இட்லியை எறிந்தார்.

அன்றைக்கு டீ குடிக்கப் போவதாகச் சொல்லி
பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டேன்.
ராமேஸ்வரம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
ஜன்னல் சீட்டு காலி.
கண்டக்டர் "ஏறு ஏறு" என்றார்.
ஏறினேன் என்பதை ஜெனோவாவிடம் சொல்லவில்லை.
பட்டணங்காத்தான் வந்ததும் இறங்கி
எதிர்ப்பக்கம் நின்றேன்.
திரும்பி வந்தபோது
பக்கத்துக் கட்டில் கமுதிக்காரர்
(அவர் மகன் பேசி எட்டு மாதமாம்)
மச்சான் சட்டையில் ஒட்டியிருந்த சட்னியைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து
இடம் விட்டார்.

பத்தாம் நாள் தூங்க ஆரம்பித்தார்,
பகலிலும், வாய் திறந்தபடி.
ரத்தம் எடுத்து மருந்தின் அளவு பார்க்கிறார்கள்.
விரல் நடுங்குகிறது; டம்ளர் தளும்புகிறது.
போகப்போகக் குறையலாம் என்கிறார் டாக்டரம்மா.
குறையும் என்று சொல்லவில்லை.

நேற்று விளக்கணைத்த பிறகு
"வாடை விழுந்திருச்சா?" என்றார்.
இன்னும் இல்லை என்றேன்.
"தண்ணி கலங்கியிருக்கும்."
ஆமா என்றேன்.
"பொய் சொல்லித்தான கூட்டியாந்த?"
ஆமா என்றேன்.
ரொம்ப நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.

தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.
கட்டிலிலிருந்து தொங்கிய அவர் கை
தடவித் தேடி
என் துண்டின் ஓரத்தைப் பிடித்தது.
இழுத்தது.
ஒன்றா, இரண்டா,
அல்லது வெறும் மருந்து நடுக்கமா?
எண்ணிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
மறுமுனையை
விரலில் சுற்றிக்கொண்டு கிடக்கிறேன்.